வரிக்கு ஒரே ஒரு வரி: அமெரிக்க விடுதலைப் போரைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள

1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீது அடுக்கிய குற்றச்சாட்டுகளை எண்ணினால் 27 வரும். 'எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் மீது வரி விதித்தது' என்பது அதில் ஒன்று. அவ்வளவுதான். பட்டியலின் தொடக்கத்தில்கூட இல்லை, பாதிக்குக் கீழே எங்கோ கிடக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் வரி வரி என்று ஊரைக் கூட்டியவர்கள், கடைசியில் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தபோது வரிக்குக் கொடுத்தது ஒரே ஒரு வரி.

இது ஏன் என்று புரிந்துவிட்டால் அமெரிக்கப் புரட்சி பாதி புரிந்த மாதிரி. பள்ளியில் நான் 'தேயிலை விலையை ஏற்றியதால் மக்கள் கொதித்தார்கள்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். பிறகுதான் தெரிந்தது, விலை ஏறவில்லை, இறங்கியது. இந்த வழிகாட்டியை எழுத அந்த மதிப்பெண்ணும் ஒரு காரணம்.

தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் லண்டன் போட்ட சட்டங்களை எழுதுங்கள். வலப்பக்கம், அந்தச் சட்டத்தை எதிர்க்க அமெரிக்காவில் முளைத்த சங்கம், குழு, மாநாடு எதுவோ அதை எழுதுங்கள். ஒரு சட்டத்தைத் திரும்பப் பெற்றால் இடப்பக்கத்தில் அதை அடித்துவிடுங்கள். வலப்பக்கத்தில் எதையும் அடிக்க வேண்டி வராது. கதை முழுக்க அங்கேதான் வளர்கிறது.

படி 1: சட்டத்துக்கு முன்னால் கடனைப் பாருங்கள்

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் பிரான்சை வென்றது. கனடா கைக்கு வந்தது. கூடவே, போருக்கு முன் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கடனும் வந்தது. புதிதாகப் பிடித்த நிலத்தைக் காக்க அமெரிக்காவில் பத்தாயிரம் படைவீரர்களை நிறுத்துவது என்று திட்டம். அதற்கும் செலவு. உள்நாட்டில் ஆப்பிள் மதுவுக்கு வரி போட்டதற்கே அங்கங்கே கலகம் நடந்துகொண்டிருந்தது.

அப்போதைய பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கேட்டதை நியாயமில்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உங்களைக் காக்கத்தானே படை, செலவில் ஒரு பங்கை நீங்கள் தரக்கூடாதா? பிரிட்டனில் வாழ்ந்தவர்கள் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் அமெரிக்கக் காலனிக்காரர்கள் கட்டியது சொற்பம்.

அக்கரையில் கேள்வி வேறு மாதிரி இருந்தது. பிரெஞ்சுக்காரனே போய்விட்டான், இனி யாரிடமிருந்து எங்களைக் காக்கப் படை? பழங்குடித் தலைவர் பான்டியாக் 1763-ல் பிரிட்டிஷாருக்கு எதிராக எழுந்தபோது, அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று மன்னர் அறிக்கை விட்டார். அந்த மேற்கு நிலத்தில் காசு போட்டிருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது. அவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பிரிட்டன் ஆண்ட 13 காலனிகளுக்கும் தனித்தனிச் சட்டசபை உண்டு. உள்ளூர் வரியை அதுவரை அந்தச் சபைகள்தான் போட்டு வந்தன. துறைமுகச் சுங்கம் லண்டன் பார்த்தது, அதையும் ஒழுங்காக வசூலிக்கவில்லை. பின்னால் வரும் அத்தனை வாதமும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

படி 2: சர்க்கரைச் சட்டம், 1764

ரம் காய்ச்ச மொலாசஸ் என்ற கரும்புக் கழிவுப்பாகு வேண்டும். அயல்நாட்டு மொலாசஸுக்கு 1733-லிருந்தே ஒரு கேலனுக்கு 6 பென்ஸ் தீர்வை உண்டு. யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை. சுங்க அதிகாரி கையில் கொஞ்சம் வைத்தால் சரக்கு இறங்கிவிடும். கிரென்வில் அதை 3 பென்ஸாகக் குறைத்துவிட்டு, கடற்படையை விட்டுக் கண்டிப்பாக வசூலிக்கச் சொன்னார். மாட்டினால் வழக்கு ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றத்துக்குப் போகலாம். பாதி வரி, முழு வசூல்.

அடி விழுந்தது பெரும்பாலும் வடக்குத் துறைமுக வணிகர்களுக்கு. உழவனுக்கும் தச்சனுக்கும் அது யாரோ வீட்டு வழக்கு. எனவே வலப்பக்கத்தில் இப்போதைக்கு எழுத அதிகம் இல்லை.

படி 3: முத்திரைச் சட்டம், 1765. இங்கே நின்று படியுங்கள்

பத்திரம் எழுத ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிய எவருக்கும் இந்தச் சட்டத்தை விளக்க வேண்டியதில்லை. நிலப் பத்திரம், உயில், கோர்ட்டுக் காகிதம், மதுக்கடை உரிமம், செய்தித்தாள், நாட்காட்டி எல்லாம் முத்திரை குத்திய தாளில்தான் இருக்க வேண்டும். கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்டு. சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங். தாயக்கட்டை ஒரு ஜோடிக்கு 10 ஷில்லிங். பிரிட்டனில் இந்த வரி பல பத்தாண்டுகளாக இருந்ததுதான். அதனால் இதற்குப் பெரிய எதிர்ப்பு வரும் என்று நாடாளுமன்றத்தில் பலர் நினைக்கவில்லை.

கிரென்வில் யார் யார் மீது கை வைத்தார் என்று பாருங்கள். வக்கீல், அச்சுக்கூடக்காரர், மதுக்கடைக்காரர். ஒருவரிடம் வாய் இருக்கிறது, ஒருவரிடம் மை இருக்கிறது, ஒருவரிடம் ஊர் கூடும் இடம் இருக்கிறது. மூன்று பேரையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொண்ட ஆளை வேறெங்கும் தேட வேண்டாம்.

மே மாதக் கடைசியில் வர்ஜீனியா சட்டசபையில் பேட்ரிக் ஹென்றி என்ற இளம் வக்கீல் தீர்மானங்கள் கொண்டுவந்தார்: எங்களுக்கு வரி போட எங்கள் சபைக்கு மட்டுமே உரிமை. சபை ஏற்காத, இன்னும் காரமான தீர்மானங்களையும் சேர்த்துப் பத்திரிகைகள் அச்சிட்டுவிட்டன. படித்தவர்களுக்கு எது நிறைவேறியது எது நிறைவேறவில்லை என்று எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 14 காலையில் பாஸ்டனில் ஒரு பெரிய எல்ம் மரத்தில் பொம்மை ஒன்று தொங்கியது. முத்திரைத் தாள் விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவம் அது. பக்கத்தில் ஒரு பூட்ஸ், அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சாத்தான். பூட்ஸ் என்றால் மன்னரின் பழைய அமைச்சர் ப்யூட் பிரபு என்று ஊருக்கே புரிந்தது. சாயங்காலம் கூட்டம் பொம்மையை ஊர்வலமாகத் தூக்கிப் போனது. முத்திரை அலுவலகம் ஆகப்போகிறது என்று பேசப்பட்ட கட்டடம் தரைமட்டமானது, பிறகு ஆலிவர் வீட்டுக்குள்ளும் புகுந்தார்கள். மறுநாள் அவர் அந்த வேலையே வேண்டாம் என்றார். பன்னிரண்டு நாள் கழித்துத் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் வீடு சூறையாடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், முத்திரைச் சட்டம் தப்பான யோசனை என்று ஹட்சின்சனே நினைத்தவர்.

நவம்பர் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தாளை விற்க ஏறக்குறைய எந்தக் காலனியிலும் ஆள் இல்லை.

இனி வலப்பக்கத்தை நிரப்புங்கள். 'சுதந்திரத்தின் புதல்வர்கள்' என்ற பெயரில் ஊருக்கு ஊர் குழுக்கள். நியூயார்க்கில் அக்டோபரில் ஒன்பது காலனிகளிலிருந்து 27 பேர் கூடிய முத்திரைச் சட்ட மாநாடு. பிரிட்டிஷ் சரக்கை வாங்க மாட்டோம் என்று கையெழுத்திட்ட வணிகர்கள். இந்தக் கடைசி அடிதான் லண்டனில் உறைத்தது. விற்பனை படுத்துப்போன பிரிட்டிஷ் வணிகர்களே சட்டத்தை நீக்கச் சொல்லி மனுப்போட, 1766 மார்ச் 18 அன்று அது நீங்கியது. இடப்பக்கத்தில் அடித்துவிடுங்கள்.

அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. காலனிகளை 'எல்லா விஷயங்களிலும்' கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்ற அறிவிப்புச் சட்டம். பணம் வேண்டாம், உரிமையை விட மாட்டோம் என்று பொருள். அமெரிக்காவில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. தெருவில் சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடினார்கள். நியூயார்க் சட்டசபை நன்றிக்கடனாக மன்னர் ஜார்ஜுக்குச் சிலை வைக்கவே தீர்மானித்தது. இந்தச் சிலையை நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம்.

படி 4: 'பிரதிநிதித்துவம் இல்லையேல் வரி இல்லை' என்பதைத் தப்பாகப் படிக்காதீர்கள்

காலனிக்காரர்கள் எழுப்பிய இந்தக் கோஷத்தைக் கேட்டதும், 'நாடாளுமன்றத்தில் எங்களுக்கு நாற்காலி கொடு' என்று கேட்டதாகத் தோன்றும். அப்படிக் கேட்கவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து அங்கே எங்களுக்குப் பிரதிநிதி இருப்பது நடக்காத காரியம் என்று நியூயார்க் மாநாடே சொல்லிவிட்டது. அவர்கள் கேட்டது, எங்கள் சட்டசபையைத் தாண்டி எங்கள் பைக்குள் கை விடாதே என்பதுதான்.

பிரிட்டிஷ் தரப்பின் பதில்: மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத் தனி உறுப்பினர் கிடையாது, ஆனாலும் நாடாளுமன்றம் எல்லாருக்கும் சேர்த்துத்தான் யோசிக்கிறது. மான்செஸ்டர்காரருக்கு அது எவ்வளவு இனித்ததோ!

படி 5: டவுன்ஷெண்ட் வரிகள், 1767 முதல் 1770 வரை

நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்குத் துறைமுகத் தீர்வை போட்டார். போட்ட வருடமே இறந்தும் போனார். தீர்வை பெரிதில்லை. வசூலாகும் பணத்தில் ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தரப் போவதாகச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. அதுவரை சம்பளம் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது உள்ளூர்ச் சபை. ஆளுநர் முறுக்கினால் சம்பளத்தை இழுத்தடிக்கலாம். அந்தப் பிடி போகிறது என்று சபைகளுக்கு உடனே புரிந்தது.

மறுபடி புறக்கணிப்பு. இந்த முறை பெண்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. இறக்குமதித் துணிக்குப் பதில் வீட்டு ராட்டையில் நூற்ற துணி என்று பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து நூற்றார்கள். முரட்டுத் துணி உடுத்துவது கௌரவமானது. கதர் பார்த்த நமக்கு இந்த இடம் சொல்லாமலே விளங்கும்.

1768 ஜூனில் ஜான் ஹான்காக் என்ற பணக்கார வணிகரின் 'லிபர்ட்டி' கப்பலைச் சுங்கத்துறை பிடித்தது. கலவரம். அக்டோபரில் பாஸ்டனுக்குள் படை இறங்கியது. சின்ன ஊர், வேலை குறைவு, தெருவெல்லாம் சிவப்புச் சட்டை. 1770 மார்ச் 5 இரவு சுங்க அலுவலகத்தின் முன் நின்ற காவலன் மீது பனிக்கட்டி எறிவதில் தொடங்கி, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். கறுப்பின, பழங்குடி வம்சாவளியில் வந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் அவர்களில் ஒருவர். சுட்ட வீரர்களுக்காக வாதாடியவர் யார் தெரியுமா? பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். பெரும்பாலானவர்களை விடுவித்தும் காட்டினார்.

அதே மார்ச் 5 அன்று லண்டனில் புதிய பிரதமர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் தீர்வைகளை நீக்கலாம் என்று முன்மொழிந்தார். தேயிலையைத் தவிர. ராத்தலுக்கு (ஏறக்குறைய அரைக் கிலோ) 3 பென்ஸ், அடையாளத்துக்கு இருக்கட்டும் என்றார். நான்கை அடியுங்கள், ஐந்தாவதை விட்டுவையுங்கள்.

படி 6: அமைதியான ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்

1770-க்குப் பிறகு வணிகம் பழையபடி நடந்தது. பல வரலாறுகள் இங்கிருந்து நேரே 1773-க்குத் தாவும். ஆனால் 1772 நவம்பரில் சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டனில் ஒரு கடிதத் தொடர்புக் குழுவை ஏற்படுத்தினார். வேலை: ஊர் ஊராகக் கடிதம் எழுதுவது, பதில் வாங்குவது. மறு ஆண்டு மார்ச்சில் வர்ஜீனியாவும் குழு அமைத்து மற்றக் காலனிகளை அழைத்தது. லண்டன் புதிதாக எதையும் செய்யாத நேரத்தில் வலப்பக்கம் சத்தமில்லாமல் நிரம்பியது.

(இந்த சாமுவேல் ஆடம்ஸ் முன்பு பாஸ்டன் நகரின் வரி வசூலிப்பவராக இருந்தவர். வசூலே சரியாகச் செய்யாமல் பெரும் பாக்கி வைத்தார். ஊரில் அவருக்கு நல்ல பெயர் இருந்ததில் வியப்பில்லை.)

படி 7: தேயிலை. இதைப் படிக்க மதராசிலிருந்து தொடங்குங்கள்

1769-ல் ஹைதர் அலி குதிரைப்படையோடு மதராஸ் வாசலுக்கே வந்து நின்று கிழக்கிந்தியக் கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணிய வைத்தார். செய்தி போய்ச் சேர்ந்ததும் லண்டனில் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. அப்புறம் வங்காளப் பஞ்சம். 1772-ல் லண்டனில் கடன் நெருக்கடி. இதற்கிடையே கம்பெனி அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டு கட்ட வேண்டும். கிடங்கில் சுமார் 1 கோடி 70 லட்சம் ராத்தல் சீனத் தேயிலை விற்காமல் கிடந்தது. அமெரிக்கர்களோ கடத்தி வந்த டச்சுத் தேயிலையைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியைத் தூக்கி நிறுத்த 1773 மே மாதம் தேயிலைச் சட்டம் வந்தது. லண்டன் ஏலமும் இடைத்தரகரும் இல்லாமல் கம்பெனியே அமெரிக்காவுக்கு நேராக அனுப்பலாம், பிரிட்டனில் கட்டும் தீர்வையும் திரும்பக் கிடைக்கும். விலை கடத்தல் தேயிலையையே அடித்துவிடும். அந்த 3 பென்ஸையும் எடுத்துவிடுங்களேன் என்று நாடாளுமன்றத்திலேயே கேட்டார்கள். நார்த் மறுத்தார். அறிவிப்புச் சட்டத்தின் உயிர் இப்போது அந்த மூன்று பென்ஸில் இருந்தது. மலிவுத் தேயிலையை வாங்கிக் குடித்தால் வரி போடும் உரிமையையும் சேர்த்துக் குடித்ததாகும் என்று பாஸ்டன்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கடத்தல் வணிகருக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் பிழைப்பு போகும் என்ற கவலையும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம்.

நவம்பர் 28 அன்று 'டார்ட்மவுத்' கப்பல் பாஸ்டன் வந்தது. இன்னும் இரண்டு பின்னால் வந்தன. இருபது நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கை எடுத்துக்கொள்ளும். திரும்பிப் போகலாம் என்றால் ஆளுநர் அனுமதி வேண்டும். ஆளுநர் இப்போது அதே ஹட்சின்சன். தேயிலையை வாங்கி விற்க நியமிக்கப்பட்டவர்களில் அவருடைய இரண்டு மகன்களும் உண்டு. கெடுவுக்கு முந்தைய நாள், டிசம்பர் 16, பழைய தெற்குக் கூட்ட மண்டபத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் காத்திருந்தார்கள். கப்பல்காரர் ஆளுநரைக் கடைசியாகப் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பி வந்து, அனுமதி இல்லை என்றார்.

முகத்தில் கரி பூசி, மொஹாக் பழங்குடியினர் மாதிரி போர்வை சுற்றிய ஆண்கள் துறைக்கு இறங்கினார்கள். மூன்று கப்பல், மூன்று மணி நேரம், 342 பெட்டி. கோடாரியால் பிளந்து 92,000 ராத்தலைக் கடலில் கொட்டினார்கள். வற்று நேரம் என்பதால் தண்ணீர் ஆழமில்லை. தேயிலை வைக்கோல் போர் போலக் கப்பலை ஒட்டிக் குவிந்தது. பையன்கள் இறங்கி அதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. சட்டைக்குள் கொஞ்சம் திணித்துக்கொண்டவன் மாட்டி உதை வாங்கினான். கம்பெனிச் சரக்குத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. உடைந்த ஒரு பூட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

இழப்பு 9,659 பவுண்டு. மற்ற ஊர்களில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை. பிலடெல்பியாவுக்குப் போன கப்பல் வந்த வழியே திரும்பியது. சார்ல்ஸ்டனில் தேயிலையை இறக்கிப் பூட்டி வைத்தார்கள்.

படி 8: 1774. வரி இங்கேயே கதையை விட்டு இறங்கிவிடுகிறது

தண்டனையாக வந்த நான்கு சட்டங்களில் ஒன்றுகூட வரிச் சட்டம் இல்லை. தேயிலைக்குப் பணம் கட்டும்வரை பாஸ்டன் துறைமுகம் மூடல். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியின் மேல்சபையை இனி மன்னரே நியமிப்பார், ஊர்க்கூட்டம் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒரு முறைதான். அதிகாரிகள் மீதான கொலை வழக்கை வேறு இடத்துக்கு மாற்றலாம். படைக்கு இடம் கொடுக்க வேண்டும். 'சகிக்க முடியாத சட்டங்கள்' என்று பெயரானது.

ஒரு ஊரைத் தனிமைப்படுத்தலாம் என்பது கணக்கு. கடிதக் குழுக்கள் ஏற்கெனவே இருந்ததால் அது பலிக்கவில்லை. கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் வந்தன, தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது. செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அதுதான் முதல் கண்டக் காங்கிரஸ்.

அங்கே எடுத்த முடிவுகளில் நான் முக்கியமாக நினைப்பது புறக்கணிப்பு ஒப்பந்தம். டிசம்பர் 1 முதல் இறக்குமதி கிடையாது. அதைக் கண்காணிக்க ஒவ்வொரு ஊரிலும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு கமிட்டி. கமிட்டிக்காரர்கள் வணிகரின் கணக்கைப் புரட்டினார்கள், மீறியவர் பெயரைப் பத்திரிகையில் போட்டார்கள். நேற்றுவரை சுங்க அதிகாரி செய்த வேலை இது. ஆளுநர் மாளிகையில் ஆளுநர் இருந்தார், ஊரில் அரசாங்கம் வேறு ஒருவர் கையில் இருந்தது. எல்லாரும் மனமொப்பிச் சேர்ந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மன்னர் பக்கம் நின்றவர்கள் உடம்பில் தாரைப் பூசி இறகை ஒட்டிய கொடுமையும் நடந்தது.

படி 9: போர் முதலில், விடுதலை அப்புறம்

வரிசையைக் கவனியுங்கள். பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான லெக்சிங்டனில் முதல் தோட்டா வெடித்தது 1775 ஏப்ரல் 19. விடுதலை அறிவித்தது பதினான்கு மாதம் கழித்து. இடையில், ஜூலையில், காங்கிரஸ் மன்னருக்குப் பணிவாக ஒரு சமாதான மனு அனுப்பியது. நாடாளுமன்றமும் அமைச்சர்களும்தான் கெட்டவர்கள், மன்னர் நல்லவர் என்ற நம்பிக்கை அதுவரை மிச்சமிருந்தது. மன்னர் மனுவை வாங்கவே இல்லை. ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். டிசம்பரில் அமெரிக்கக் கப்பல்களையெல்லாம் பறிமுதல் செய்யச் சட்டம் வந்தது.

1776 ஜனவரியில் தாமஸ் பெயின் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர். மன்னர் என்ற பதவியே எதற்கு என்று கேட்டார். பிரகடனம் நாடாளுமன்றத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் மன்னரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதற்குக் காரணம் இந்தத் திருப்பம். வரிச் சண்டை நாடாளுமன்றத்தோடு நடந்தது. அறுக்க வேண்டிய கடைசிக் கயிறு மன்னர். அதனால்தான் வரிக்கு ஒரு வரி.

ஜூலை 9 அன்று நியூயார்க்கில் பிரகடனத்தை வாசித்துக் காட்டியதும் கூட்டம் போய், முத்திரைச் சட்டம் நீங்கிய நன்றிக்காக வைத்த அந்த ஈயச் சிலையைக் கயிறு கட்டி இழுத்தது. ஈயத்தை உருக்கி வார்த்த தோட்டாக்கள் 42,088 என்று கணக்கு இருக்கிறது.

அந்த நாட்டில் அப்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமை. வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களிடமிருந்து ஓடி வந்து தன் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று 1775 நவம்பரில் அறிவித்தபோது, நூற்றுக்கணக்கானோர் அங்கே ஓடினார்கள். அவர்களுக்குச் சுதந்திரம் எதிர்த் திசையில் இருந்தது.

படி 10: தாளை இப்போது எடுத்துப் பாருங்கள்

1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படையே சரணடைந்தது. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம், வருவாய்க்காகக் காலனிகள் மீது இனி வரி போட மாட்டோம் என்று சட்டமே இயற்றி, தேயிலைத் தீர்வையையும் நீக்கியது. இடப்பக்கத்தில் மிச்சமிருந்த ஐந்தாவதையும் அடித்துவிடலாம். பேச்சு நடத்தத் தூதர்களும் போனார்கள். படை வெளியேறட்டும் அல்லது விடுதலையை ஒப்புக்கொள்ளட்டும், பிறகு பேசலாம் என்றது காங்கிரஸ். 1765-ல் கேட்டதெல்லாம் கிடைத்தது, கேட்டவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். ஐந்தாண்டு கழித்து அவரே கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார், திப்பு சுல்தானோடு போரிட்டார். அவர் சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பிரான்ஸ் இறங்கியதும் போர் நம் கரைக்கும் வந்தது. 1778-லேயே பாண்டிச்சேரி பிரிட்டிஷ் கையில் விழுந்தது. 1782-ல் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும் கடலூரைப் பிடித்தார்கள். அதை மீட்க 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் மதராஸ் படையோடு வந்து முற்றுகையிட்டார். ஜூன் 13 அன்று கோட்டைக்கு வெளியே நடந்த சண்டையில் இரு பக்கமும் ஏராளமான சாவு. இருபதாம் தேதி கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். மாதக் கடைசியில் வெள்ளைக்கொடி ஏற்றிய கப்பல் ஒன்று செய்தி கொண்டுவந்தது. பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20 அன்றே சமாதானத்துக்குக் கையெழுத்திட்டிருந்தன.